‘உடல்நலம் குன்றி’ என்று எழுதாதீர்கள்

கேள்வி: அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் ஹேங்க் வில்லியம்ஸின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினோரு அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. அவருடைய பாடல்களை எனக்கு அறிமுகப்படுத்தியவர் கப்பலில் வேலை பார்த்த என் அண்ணன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கேசட்டுகள் கொண்டுவருவார். ஆறு வருடங்களுக்கு முன் குடியினாலேயே இறந்துபோனார். ஹேங்க்கின் கடைசி இரண்டு வருடங்களை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பதிப்பாளர், “குடி, சண்டை எல்லாம் எதற்கு? உடல்நலம் குன்றி இளம் வயதில் மறைந்தார் என்று முடித்துவிடுங்கள்” என்கிறார். நண்பர் ஒருவரோ, “அதுதான் விற்கும், விரிவாக எழுதுங்கள்” என்கிறார். பதில் சொல்ல முடியாத ஒருவரின் அந்தரங்கத்தை எவ்வளவு தூரம் எழுதலாம்? அலபாமாவைக் கண்ணால்கூடப் பார்க்காத எனக்கு இதை எழுதத் தகுதி உண்டா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பதிப்பாளர் சொன்ன அதே சொற்களை நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு நாதஸ்வர வித்வானின் வாழ்க்கையை எழுதினேன். அவருடைய கடைசிப் பன்னிரண்டு வருடங்கள் குடியில் போயின. ஊரே அறிந்த விஷயம். நான் ‘உடல்நலம் குன்றியதால் கச்சேரிகளைக் குறைத்துக்கொண்டார்’ என்று எழுதி அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். பெரியவருக்கு மரியாதை செய்துவிட்டதாக நினைத்தேன். புத்தகம் வந்த ஒரு மாதத்தில் அவருடைய மூத்த மகள் என் வீட்டுக்கு வந்தார். காபி குடிக்கவில்லை. “அப்பா குடித்ததை நீங்கள் எழுதாததில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பன்னிரண்டு வருடமும் அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து விற்றுத்தான் எங்களைப் படிக்கவைத்தாள். புத்தகத்தில் அம்மா எங்கே?” என்று கேட்டார்.

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அந்த அம்மாவின் பெயர் இரண்டே இடங்களில் இருந்தது, ஒன்று திருமணத்தில், ஒன்று இறப்பில். கணவரின் குடியை நான் எடுத்துவிட்டதால் மனைவி எதற்காக இட்லி விற்றார் என்று சொல்லக் காரணம் இல்லாமல் போயிற்று. அதனால் இட்லியும் போயிற்று, அவரும் போனார். அந்தப் பிழையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. உங்களுக்கு இத்தனை நீளமாகப் பதில் எழுதுவதற்கும் அதுவே காரணம்.

ஹேங்க் வில்லியம்ஸின் வாழ்க்கையில் அப்படி மறைந்துபோகக்கூடியவர்கள் பலர். முதலில் தாய் லில்லி. முதல் உலகப் போரில் இருந்து திரும்பிய கணவர், ஹேங்க்குக்கு ஆறு வயதிருக்கும்போது முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பல வருடங்கள் வீடு திரும்பவில்லை. பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த காலம். லில்லி அலபாமா மாநிலத்தின் ஜார்ஜியானாவில், பிறகு கிரீன்வில்லில், 1937-இலிருந்து மாண்ட்கோமரியில் என்று ஊர் ஊராகப் போய், வாடகைக்கு அறையும் சாப்பாடும் தரும் விடுதி நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். மகன் மேடையேறிய பிறகு, நிகழ்ச்சிகளில் வாசலில் நின்று டிக்கெட் பணம் வாங்கியவரும் அவர்தான். பல நூல்களில் அவர் கண்டிப்பான, கடுமையான பெண்மணியாக மட்டும் வருகிறார். கடுமையானவராக இருந்திருக்கலாம். விடுதியில் இருப்பவர்களிடம் வாரக் கடைசியில் வாடகை வசூலிக்க வேண்டியவர் வேறு எப்படி இருந்திருப்பார் என்பதையும் நீங்கள் எழுத வேண்டும்.

அடுத்தவர் முதல் மனைவி ஆட்ரி. குரல் வளம் இல்லாமலே மேடையில் கணவரோடு பாட ஆசைப்பட்டவர், பணத்தாசை பிடித்தவர் என்பதாகவே அவரைப் பற்றிய சித்திரம் நிலைத்துவிட்டது. ஆனால் 1946-இல் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் ஃபிரெட் ரோஸிடம் ஹேங்க் போய்ச் சேர்ந்ததில் ஆட்ரியின் பங்கு பெரியது. பாடல்களைச் செப்பனிட்டு, பதிப்பித்து, ஒலிப்பதிவு ஒப்பந்தம் வாங்கித் தந்தவர் ரோஸ். அந்தச் சந்திப்பு இல்லாவிட்டால் மாண்ட்கோமரி வானொலியோடு கதை முடிந்திருக்கக்கூடும். விவாகரத்து வழக்கில் ஆட்ரி கணவர்மீது கொடுமைக் குற்றச்சாட்டு வைத்தார். ஹேங்க் தரப்பு பதிலுக்கு அவர்மீது குற்றம் சாட்டியது. 1951 முடியும் தறுவாயில் வீட்டில் துப்பாக்கி சுடப்பட்டது என்பது ஆட்ரி சொன்னது. இதை எழுதுங்கள். ‘ஆட்ரி சொன்னார்’ என்று எழுதுங்கள். ‘கொலைவெறியோடு பாய்ந்தார்’ என்று எழுதாதீர்கள். நாம் யாரும் அந்த அறையில் இல்லை.

இங்கே உங்கள் நண்பரின் யோசனைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். விரிவாக எழுதினால் விற்கும் என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அடி வாங்கிய காட்சியைச் சுவையாக விரித்தால் ஆட்ரி அந்தப் பக்கத்தில் வெறும் காட்சிப்பொருள் ஆகிவிடுவார். அவர் என்ன செய்தார், எங்கே போனார், குழந்தையை என்ன செய்தார் என்பதை எழுதினால் அவர் மனுஷியாக இருப்பார்.

நீங்கள் அனுப்பிய மூன்றாம் அத்தியாயத்தில் ஓர் இடம் என்னை நிறுத்தியது. ‘டீ டாட் என்ற கறுப்பினத் தெருப்பாடகன் கிட்டார் சொல்லிக்கொடுத்தான்; சிறுவரான ஹேங்க் ஆர்வத்தோடு கற்றுக்கொண்டார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மறுபடி வாசித்துப் பாருங்கள். அரைக்கால் சட்டை போட்ட பையனுக்கு ‘ஆர்’ விகுதி, வயதில் எவ்வளவோ மூத்த ஆசிரியருக்கு ‘ஆன்’ விகுதி. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். புகழ்பெற்றவருக்குத் தானாக மரியாதை வந்து ஒட்டிக்கொள்கிறது, புகழற்றவரிடமிருந்து தானாக உதிர்ந்துவிடுகிறது. ஆனால் அது அலபாமாவின் நிறவெறிக் காலம். தலை நரைத்த கறுப்பினத்தவரைக்கூட வெள்ளையர்கள் ‘பையா’ என்று கூப்பிட்ட ஊர்கள் அவை. அந்த அநியாயத்தை உங்கள் விகுதி தமிழில் திரும்பச் செய்கிறது.

அவருடைய பெயர் ரூஃபஸ் பெய்ன். ஊர் வைத்த பட்டப்பெயர்தான் டீ டாட். தனக்குக் கிடைத்த இசைப் பயிற்சி முழுவதும் அவரிடமிருந்து வந்தது என்று ஹேங்க்கே புகழின் உச்சியில் இருந்தபோது ஒரு பத்திரிகையிடம் சொல்லியிருக்கிறார். பெய்ன் 1939-இல் மாண்ட்கோமரியில் ஏழையாக இறந்தார். அவரைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் மிகக் குறைவு. பதினான்கு வருடம் கழித்து அதே ஊரில் ஹேங்க்கின் இறுதிச் சடங்கு நடந்தபோது, கறுப்பின மக்களுக்குத் தனியாக மாடத்தில்தான் இடம். இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்தாலே போதும், நீங்கள் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

சிறுவன் ஹேங்க்குக்கு ‘அவன்’ போடுங்கள், அதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. எந்த வயதில் ‘அவர்’ ஆக்குவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். நானாக இருந்தால் லில்லியின் விடுதியை விட்டு வெளியேறும் அத்தியாயத்தில் மாற்றுவேன். ஆனால் குடித்து விழும் காட்சியில் மட்டும் ‘அவன்’ என்று இறக்கி, பாடும் காட்சியில் ‘அவர்’ என்று ஏற்றிவிடாதீர்கள். பெரிய எழுத்தாளர்களின் கைப்பிரதிகளிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். மனைவிகள் ஆட்ரியும் பில்லி ஜீனும், ஹேங்க்கின் மகளைப் பெற்ற பாபி ஜெட்டும் கடைசிப் பக்கம்வரை ‘அவர்’ தான்.

இனி உங்கள் கை ஓடாத அந்த இடத்துக்கு வருவோம். 1952 டிசம்பர் 30 அன்று மாண்ட்கோமரியிலிருந்து ஒரு காடிலாக் கார் புறப்படுகிறது. ஓட்டுபவர் சார்லஸ் கார் என்ற கல்லூரி மாணவர். மறுநாள் மேற்கு வர்ஜீனியாவில் சார்ல்ஸ்டன், புத்தாண்டன்று ஒஹாயோவில் கேன்டன் என்று இரண்டு ஊர்களில் நிகழ்ச்சி. வானிலை மோசம். நாக்ஸ்வில்லிலிருந்து ஏறிய விமானம் திரும்பிவந்துவிடுகிறது. அங்கே ஆண்ட்ரூ ஜான்சன் ஹோட்டலில் சில மணி நேரம். ஒரு மருத்துவர் வந்து வைட்டமினோடு மார்ஃபின் கலந்த ஊசி இரண்டு போடுகிறார். ஹோட்டல் பணியாளர்கள் ஹேங்க்கைத் தூக்கிவந்து காரில் ஏற்றுகிறார்கள். இரவோடு இரவாக வண்டி கிளம்புகிறது. வழியில் வேகமாக ஓட்டியதற்காக ஒரு போலீஸ்காரர் நிறுத்துகிறார். காலையில் மேற்கு வர்ஜீனியாவின் ஓக் ஹில்லில், பின்னிருக்கையில் இருந்தவருக்கு உயிர் இல்லை என்பது உறுதியாகிறது. வயது 29.

உயிர் எந்த இடத்தில் போனது? அந்தப் போலீஸ்காரர், தான் வண்டியை நிறுத்தியபோதே பின்னால் இருந்தவர் இறந்தவர்போல் தெரிந்தார் என்றார். அது டென்னசி மாநிலம். ஓட்டிவந்த சார்லஸ் கார் சொன்னதன்படி அதற்குப் பிறகும் ஹேங்க் பேசியிருக்கிறார். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. போலீஸ்காரர் பிணத்தோடு போன வண்டியைக் கவனிக்காமல் விட்டவர் என்று பெயரெடுக்க விரும்பியிருக்க மாட்டார். சார்லஸ் கார் இருபது வயதுகூட நிரம்பாதவர், இரவெல்லாம் பனியில் தூங்காமல் வண்டி ஓட்டியவர், தன்மேல் பழி விழுமோ என்று பயந்தவர். அவர் பல வருடங்கள் கழித்துச் சொன்னவற்றில் விவரங்கள் மாறுகின்றன. அதற்காக அவரைப் பொய்யர் என்று சொல்லிவிடாதீர்கள். எல்லாரும் ஒரே கேள்வியையே வாழ்நாள் முழுக்கக் கேட்டால், யாருக்கும் நினைவு பதிலுக்கேற்ப வளைந்துவிடும்.

இரண்டு கூற்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். யார் சொன்னார், சம்பவம் நடந்து எத்தனை நாள் கழித்துச் சொன்னார், அப்படிச் சொல்வதில் அவருக்கு என்ன பயன் அல்லது என்ன பயம், இந்த மூன்றையும் எழுதிவிட்டு நகருங்கள். வாசகர்கள் ஏமாற மாட்டார்கள், கோபப்படவும் மாட்டார்கள். இங்கே தமிழ் உங்களுக்குப் பெரிய துணை. ‘பேசினாராம்’, ‘கேட்டாராம்’ என்று ஒரே அசையில் ‘இது நான் பார்த்ததல்ல, கேட்டது’ என்பதைச் சொல்லிவிடுகிறோம். எத்தனை நாணயமான மொழி! ஆனால் அந்த ‘ஆம்’ திண்ணைப் பேச்சுக்கும் உதவும். அதனால் ‘ஆம்’ போட்ட வாக்கியத்துக்கு அருகிலேயே சொன்னவரின் பெயரைப் போட்டுவிடுங்கள். பெயர் போட முடியாத ‘ஆம்’ வந்தால் வாக்கியத்தையே அடித்துவிடுங்கள்.

சாட்சி சொல்பவர்களின் லாபநஷ்டம் என்று ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஹேங்க்கின் விஷயத்தில் நினைவுகளோடு பணமும் பின்னிக்கிடக்கிறது. விவாகரத்தில் ஆட்ரிக்கு நாஷ்வில் வீடும், ஹேங்க்கின் வருங்காலப் பாடல் வருமானத்தில் பாதியும் கிடைத்தன. 1952 அக்டோபரில் ஹேங்க் பில்லி ஜீனை மணந்தார். நியூ ஆர்லியன்ஸ் அரங்கில் டிக்கெட் விற்று மேடையிலேயே கல்யாணம் நடந்தது. பில்லி ஜீனின் முந்தைய விவாகரத்து அப்போது சட்டப்படி முடிந்திருக்கவில்லை. மூன்று மாதத்துக்குள் ஹேங்க் இறந்துபோனார். யார் சட்டப்படியான விதவை என்ற வழக்கு பல வருடங்கள் நீண்டது. 1964-இல் அவர் வாழ்க்கை திரைப்படமானபோது ஆலோசகராக இருந்தவர் ஆட்ரி. அந்தப் படத்தில் பில்லி ஜீன் இல்லை. பேட்டிகளைப் படிக்கும்போது இது நினைவிருக்கட்டும்.

பாடல்களையும் சாட்சிக்கூண்டில் ஏற்றாதீர்கள். உங்கள் எட்டாம் அத்தியாயம் ‘லவ்சிக் ப்ளூஸ்’ பாட்டை ஆட்ரியால் நொந்த மனதின் கதறலாக விவரிக்கிறது. அழகாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எடுத்துவிடுங்கள். அந்தப் பாட்டு 1922-இல் கிளிஃப் ஃபிரெண்டும் இர்விங் மில்ஸும் எழுதியது. அப்போது ஹேங்க் பிறக்கவே இல்லை. வேறு பாடகர்கள் பாடிக் கேட்டு அதை எடுத்துக்கொண்டார். 1949 ஜூனில் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற புகழ்பெற்ற நாஷ்வில் வானொலி நிகழ்ச்சியின் மேடையில் அதைப் பாடித்தான் நாஷ்வில்லைத் தன்பக்கம் திருப்பினார். கடன் வாங்கிய பாட்டில் அத்தனை உயிரைக் கொண்டுவந்தது எப்படி, தொண்டை எங்கே உடைந்து எங்கே ஏறுகிறது என்பதை எழுதுங்கள். அந்தக் காதில் விழும் விவரம் உங்களிடம் நிறைய இருக்கிறது, அதுதான் உங்கள் பலம்.

அதேபோல, இந்த உலகத்திலிருந்து உயிரோடு தப்ப மாட்டேன் என்ற பொருளில் அவர் பாடிய பாட்டு அவர் இறந்தபோது வெளியாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. எல்லாரும் அதைத் தீர்க்கதரிசனம் என்கிறார்கள். அது ஃபிரெட் ரோஸோடு சேர்ந்து எழுதிய வேடிக்கைப் பாட்டு. துரதிர்ஷ்டங்களை அடுக்கி அடுக்கிச் சிரிக்கவைப்பது. ஜூனில் பதிவானது. சாவை முன்கூட்டியே அறிந்த மகானாக அவரைக் காட்டுவதைவிட, முதுகுவலியோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் நின்று கேட்பவரைச் சிரிக்கவைத்தவராகக் காட்டுவது எனக்கு நெருக்கமாக இருக்கிறது. அந்த வருடம் செப்டம்பர் 23 அன்று கடைசியாக ஒலிப்பதிவுக்கு வந்தார். ‘யுவர் சீட்டிங் ஹார்ட்’ உட்பட நான்கு பாடல்கள் அன்று பதிவாயின. அதற்கு முந்தைய மாதம்தான் குடியினாலும் வராமல் போன நிகழ்ச்சிகளினாலும் ஆப்ரி அவரை வெளியேற்றியிருந்தது. உங்கள் பதிப்பாளர் விரும்பக்கூடிய ஊக்கம் இந்த நாளில் இருக்கிறது. ஆனால் ஆகஸ்டை எழுதாமல் செப்டம்பரை எழுத முடியாது.

குடியை எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். முதுகெலும்பில் பிறவியிலேயே ஒரு குறை, வாழ்நாள் முழுக்க வலி, 1951 டிசம்பரில் அறுவை சிகிச்சை. இதெல்லாம் முக்கியம். ஆனால் ‘வலியால் குடித்தார்’ என்று ஒரே வாக்கியத்தில் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். பதின்வயதுக்கு முன்பே குடியைத் தொட்டவர் அவர். வலியும் உண்டு, பழக்கமும் உண்டு, விடிய விடியக் காரில் போகிற தொழிலும் உண்டு. இவை போதாவென்று கடைசி மாதங்களில் டோபி மார்ஷல் என்பவர் சேர்ந்தார். சிறை சென்று திரும்பியவர், போலிப் பட்டம் வைத்துக்கொண்டு டாக்டர் என்று சொல்லிக்கொண்டவர். குடியை நிறுத்துகிறேன் என்று க்ளோரல் ஹைட்ரேட் என்ற தூக்க மருந்தை எழுதிக்கொடுத்தார். மதுவோடு சேர்ந்தால் அது விஷம்போல. குடியிலிருந்து மீள ஒரு மனிதர் மருத்துவரைத் தேடிப் போயிருக்கிறார் என்பதை வாசகர்கள் கவனிக்கும்படி எழுதுங்கள். ‘குடிகாரர்’ என்ற சொல்லைப் புத்தகம் முழுவதும் தவிர்க்கலாம். என்றைக்குக் குடித்தார், அதனால் எந்த நிகழ்ச்சி நின்றது, வாசலில் காத்திருந்தவர்களுக்கு யார் பணத்தைத் திருப்பிக்கொடுத்தார்கள் என்று எழுதினால் அந்தச் சொல் தேவைப்படாது.

அந்தரங்கத்தின் எல்லையை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். ஹேங்க் இறந்து ஐந்தாம் நாள், 1953 ஜனவரி 6 அன்று, மாண்ட்கோமரியில் பாபி ஜெட் என்ற பெண்ணுக்கு ஒரு மகள் பிறந்தாள். குழந்தையின் பராமரிப்பை ஏற்பதாக, பில்லி ஜீனை மணப்பதற்குச் சில நாட்கள் முன்பு ஹேங்க் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார். லில்லி பேத்தியைத் தத்தெடுத்தார். 1955-இல் லில்லியும் இறந்தபிறகு குழந்தை வேறு குடும்பத்துக்குப் போனாள். தான் யார் மகள் என்பதே தெரியாமல் வளர்ந்து, பிறகு நீதிமன்றம் ஏறி, 1980களின் இறுதியில் தன் உரிமையை நிலைநாட்டினார் ஜெட் வில்லியம்ஸ். ‘இறந்தவரின் ரகசியத்தை எழுதலாமா’ என்ற கேள்வியை அவர் பக்கத்திலிருந்து கேட்டுப் பாருங்கள். ரகசியம் காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு வருடமும் அவர் தகப்பன் பெயர் இல்லாமல் இருந்தார். அவருக்காக இதை எழுதத்தான் வேண்டும். ஹேங்க் பாபியோடு எப்படிப் பழகினார், தனியறையில் என்ன பேசினார் என்பதெல்லாம் யாருக்கும் தேவையில்லை. எந்த விவரத்தை விட்டால் வேறொருவர் காணாமல் போகிறாரோ அதை எழுதுங்கள். மற்றதை விட்டுவிடலாம்.

பதிப்பாளரிடம் சண்டை வேண்டாம். லில்லியின் அத்தியாயத்தையும் ஜெட்டின் அத்தியாயத்தையும் எழுதிக்கொண்டுபோய்க் கொடுங்கள். படித்துவிட்டும் ‘உடல்நலம் குன்றி’ தான் வேண்டும் என்றால், வேறு பதிப்பாளர் பார்ப்போம், நான் உடன் இருக்கிறேன்.

அலபாமாவுக்குப் போகவில்லை என்பது குறைதான், மறுக்க மாட்டேன். முன்னுரையில் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். செம்மண் சாலை, பைன் மர வாசனை என்று பார்க்காததை வர்ணிக்காதீர்கள். வழக்கு ஆவணங்கள், அந்தக்கால நாளிதழ்கள், ஒலிப்பதிவுகள் உங்களுக்குக் கிடைத்திருக்கின்றன. போய்ப் பார்த்தவர்கள் எல்லாரும் இவற்றைப் படித்துவிடவில்லை.

தகுதியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடிதத்தோடு தனியாக ஒரு தாளில் உங்கள் அண்ணியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அண்ணன் கப்பலிலிருந்து வரும் நாளில், வீட்டில் இருக்கிற பணத்தை அண்ணி ஒரு துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார் என்று. ‘இதைப் புத்தகத்தில் சேர்க்க முடியாது, உங்களிடம் சொல்லத் தோன்றியது’ என்றும் எழுதியிருந்தீர்கள். புத்தகத்தில் சேர்க்க வேண்டாம். ஆனால் அரங்க வாசலில் பணப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே மகன் பாடுவதைக் கேட்டபடி நாணயங்களை எண்ணிய லில்லியை எழுத உட்காரும்போது அந்தத் தாளை மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள், ஓக் ஹில் காத்திருக்கட்டும். முடித்ததும் எனக்கு அனுப்புங்கள்.